கொடுவா என்று விற்ற மீன்

அடையாற்றில் ஒரு கடையின் குளிர்பெட்டியில் நேற்று மீன் துண்டுகளைப் பார்த்தேன். தலை இல்லை, தோல் இல்லை, முள் இல்லை. வெறும் வெள்ளைச் சதை, அதன்மேல் அச்சடித்த ஒரு பெயர். கண்ணாடிக் கதவில் வைத்த விரல் நுனி குளிரில் மரத்தது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன். அன்று அந்த மீனைத் தின்றதும் உனக்கும் முதலில் உதடுதான் மரத்தது என்று சொன்னாயே, அந்தக் குரல் பக்கத்தில் கேட்டது போலிருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் நாம் இருவரும் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தோம். மீன் சதையிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, அது எந்த மீன் என்று சொல்லும் வேலை. நீ சாந்தோம் பங்கில் பிறந்தவள். மீன் இல்லாமல் உனக்குச் சோறு இறங்காது. நான் மயிலாப்பூர் மாடவீதியில் வளர்ந்து, முட்டைகூடத் தொடாதவள். "வாயில வெக்காமலே மீனுக்கு ஜாதகம் எழுதுறவ நீ ஒருத்திதான்" என்று சிரிப்பாய்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, தெரிந்த மீன்களின் சதையைச் சின்னக் குழாய்களில் உறையவைத்திருந்தோம். வஞ்சிரம், கொடுவா, சங்கரா என்று வரிசையாக இருக்கும். ஒருநாள் பட்டினப்பாக்கம் கரையிலிருந்து நீ ஒரு பேத்தையைக் கொண்டுவந்தாய். பயந்தால் பந்து மாதிரி உப்பிக்கொள்ளும் நச்சு மீன். வலையில் விழுந்தால் மீனவர்களே கடலில் எறிந்துவிடுவார்கள்.

"இதை யாருடி விக்கப் போறா?" என்று கேட்டேன்.

"யாரும் விக்க மாட்டாங்கன்னு நெனைக்கிறோம்ல, அதுக்குத்தான் வேணும்" என்றாய். குழாயின்மேல் உன் சாய்ந்த எழுத்தில் பேத்தை என்று எழுதி உள்ளே வைத்தாய்.

உன் தம்பி மகனுக்கு மாதாகோயிலில் முதல் நற்கருணையான புதுநன்மை கொடுத்த ஞாயிற்றுக்கிழமை அது. தி.நகர்க் கடையொன்றில் கொடுவா என்று சொல்லி விற்ற துண்டுகளை உன் அம்மா வாங்கி வைத்திருந்தார். எல்லாரும் பூசைக்குப் போனார்கள். விருந்துக்கு மீன் வறுக்க நீ வீட்டில் இருந்தாய். பசி தாங்காமல் அடுப்படியில் நின்றபடியே சுடச்சுடத் தின்றிருக்கிறாய். அவர்கள் திரும்பி வந்தபோது எண்ணெய் கருகிக்கொண்டிருந்தது. நீ கண் திறந்தபடி தரையில் கிடந்தாய்.

மறுநாள் காலை உன் தம்பி ஆய்வுக்கூடத்துக்கு ஓடி வந்தான். கையில் ஐஸ் போட்ட தூக்கு. அதற்குள் வறுக்காமல் மிஞ்சிய துண்டு.

"அக்கா, பேச்சு மூச்சில்ல. மிஷின் வெச்சுத்தான் மூச்சு வுடுது. கண்ணுல லைட் அடிச்சாகூட அசைவு இல்ல. பாம்பா, பக்கவாதமான்னு டாக்டருக்கே புரியல. அவ சாப்ட்டது இதான். இது இன்னா மீனுன்னு சொல்லுங்க."

"கடையில கேட்டியா?"

"கொடுவாதான்னு சத்தியம் பண்றான்."

அரிசி அளவு சதையை வெட்டி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். டி.என்.ஏ.வைப் பிரித்து, இயந்திரத்தில் பெருக்கி, நொதியால் துண்டாக்கி, நம் குழாய் மீன்களின் மாதிரிகளோடு சேர்த்துக் கூழ்த்தட்டில் ஓடவிட்டேன். சாயங்காலம் புறஊதா விளக்கைப் போட்டேன். தட்டில் கோடுகள் ஒளிர்ந்தன. கொடுவாவோடு ஒத்துப்போகவில்லை. வஞ்சிரத்தோடும் இல்லை. ஓரத்தில் நீ சேர்த்து வைத்த அந்த மீனின் கோடுகளோடு அப்படியே பொருந்தின. காலியான குழாய் மேசையில் கிடந்தது. உன் எழுத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உன் கட்டிலைச் சுற்றி உறவுக்காரர்கள். குருவானவர் சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் எண்ணெயைப் பூசிவிட்டுப் போயிருந்தார். உன் பெரியம்மா சாதாரணக் குரலில், "அந்த நீலப் பொடவையையே கட்டிடலாம். பெட்டிக்கு இப்பவே சொல்லி வெச்சா நல்லது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உன் கண்கள் பாதி மூடியிருந்தன. அவற்றில் ஒன்றுமே இல்லை.

டாக்டரிடம் பேத்தை என்றதும் அவர் முகம் மாறியது. "அந்த விஷம் தசையைத்தாம்மா கட்டிப்போடும், மூளையை இல்லை. மிஷின் ஓடட்டும். விஷம் இறங்கினா எழுந்துடுவாங்க" என்றார். பிறகு உன்னைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நேத்திலேர்ந்து இங்க பேசினது பூரா இவங்க காதுல விழுந்திருக்கலாம்."

பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் உன் காதருகே குனிந்தேன். "நான்தான் வந்திருக்கேன். நீ தின்னது பேத்தை. நீ வெச்ச குழாய்தான் காட்டிக்குடுத்தது. செத்துப் போகலை நீ. புரியறதா? மெதுவா எழுந்துக்கலாம்." உன் முகம் மெழுகு மாதிரி அப்படியே இருந்தது. சுவரோடு பேசுவதுபோல் பேசிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த நாள் உன் சுண்டு விரல் அசைந்தது.

அந்தக் கடையில் மிச்சமிருந்ததை அதிகாரிகள் நம் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்து வந்தார்கள். கொடுவாவுக்கு நடுவே பேத்தையும் கலந்திருந்தது. கடைக்காரன் உரித்த துண்டுகளாக யாரிடமிருந்தோ வாங்கினானாம், அவனுக்கே தெரியாதாம். எல்லாவற்றையும் குழி தோண்டிப் புதைத்தார்கள். நீ வேலைக்குத் திரும்பி, சைதாப்பேட்டை தொடங்கி ஒவ்வொரு சந்தையாகத் துண்டு மீன் வாங்கிவந்து சோதித்தாய். ஆனால் பேச்சு நடுவே சட்டென்று நிறுத்தி, சுண்டு விரலை ஆட்டிப் பார்த்துக்கொள்வாய். நான் பார்க்காதது போல் இருப்பேன்.

ஆஸ்பத்திரியில் அசையாமல் கிடந்ததைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் சொன்னாய். "நீலப் பொடவை எனக்குப் புடிக்கவே புடிக்காதுன்னு கத்துனேன். உள்ளுக்குள்ளேயே கத்துனேன். கொஞ்ச நேரத்துல, செத்தா இப்படித்தான் இருக்கும்போலன்னு நெனச்சுக்கிட்டேன். எல்லாரும் என்னைப் பத்திப் பேசுனாங்க. என்கிட்ட பேசுனவ நீ மட்டும்தான்."

போன மாதம் நீ தூக்கத்திலேயே போய்விட்டாய். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். இந்தத் தடவை உண்மைதான், எனக்கும் தெரியும். ஆனாலும் சவப்பெட்டியைச் சுற்றி நின்றவர்கள் உன்னைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் என்னால் தள்ளி நிற்க முடியவில்லை. குனிந்து உன் காதில் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகச் சொன்னேன். வெளியே மழை தூறுகிறது என்றும் சொன்னேன்.

"அக்கா, மூடணும்" என்றான் உன் தம்பி.

"சொல்லி முடிச்சுடறேன்" என்றேன். அவன் மூடியைப் பிடித்தபடி காத்திருந்தான்.

இப்போது நினைவில்லாமல் கிடக்கும் யாரைப் பார்க்கப் போனாலும், "அவருக்கு ஒண்ணும் தெரியாது" என்று பக்கத்திலிருப்பவர்கள் சொல்வதை என்னால் நம்ப முடியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இன்றைக்கு என்ன கிழமை என்று சொல்லித் தொடங்குகிறேன்.