வீடுகள் இல்லாத முதல் தாள்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதிக்கொள்வது. வழக்கம்போல நலம் விசாரித்துத்தான் ஆரம்பித்தேன். அதைக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை என்று தோன்றி அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும். யார் காரணம் என்றும் தெரியும்.

போன் செய்தால் உன் மகள்தான் எடுக்கிறாள். அம்மா தூங்குகிறாள் சித்தி என்கிறாள். பகல் பதினொரு மணிக்கு நீ தூங்கி இந்த ஜென்மத்தில் நான் பார்த்ததில்லை. பாவம், உன்னை மாதிரியே அவளுக்கும் பொய் சொல்ல வரவில்லை. அதனால்தான் கடிதம். ஒரு மூலையில் தூக்கிப் போட்டாலும் என்றைக்காவது கோபத்திலேயாவது பிரிப்பாய்.

மாமாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? புது வீடு நான்காவது மாடி, லிப்ட் ஓடுவதில்லை, மாமா ஒரு மாதமாகக் கீழே இறங்கவே இல்லை என்று உன் மகள் சொன்னாள். கால்வாய்க் கரைக்குத் தினமும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், போகிறவர் வருகிறவரை எல்லாம் வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்த மனிதர். உன் தையல் மெஷினை மேலே ஏற்ற முடிந்ததா என்று அவளிடம் கேட்கவே இல்லை. பயம்தான்.

கால்வாய்க் கரை வீட்டை நீங்கள் காலி செய்த அன்று அழுதேனே தவிர, நடந்தது என்ன என்று வாயைத் திறந்து சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

எங்கள் கட்டடக்கலை வகுப்பில் ஒரு வழக்கம் இருக்கிறது. நான் கொண்டுவந்ததுதான். ஒரு தெருவுக்குப் புதிதாக வீடுகள் திட்டமிடும்போது முதல் தாளில் கட்டடம் எதையும் வரையக் கூடாது. மழைத்தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது, எந்த மண் உறிஞ்சும், மரத்தின் வேர் எதுவரை ஓடியிருக்கும், இவ்வளவுதான் இருக்க வேண்டும். வீடுகள் இரண்டாவது தாளில் வரும். முதலில் மண்ணைப் பார்க்கத் தெரிந்தவர்கள்தான் அதைச் சாகடிக்காமல், முன்பைவிடத் தேற்றி எடுக்கிற மாதிரி ஒரு வீட்டைக் கட்டுவார்கள் என்பது என் கட்சி. இருபது வருஷமாக இதையே ஓதிக்கொண்டிருக்கிறேன்.

கரையோரம் இருந்த உங்கள் வீட்டு வரிசைக்கும் அப்படித்தான் செய்தோம். மாணவர்கள் வந்திருந்தபோது நீ சொன்னாயே, தண்ணீர் மூன்றாவது படி வரைக்கும் ஏறும், பின்பக்கம் சிமெண்ட் போடாமல் விட்டிருப்பதால் இரண்டே நாளில் இறங்கிவிடும் என்று. நான் ஒரு பருவம் முழுக்க நடத்தும் பாடத்தை டீ ஆற்றிக்கொண்டே பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டாய். அதை வைத்துத்தான் பிள்ளைகள் மீதித் தாள்களை வரைந்தார்கள். நாற்பத்தொரு குடும்பமும் அதே கரையில், தூண்கள் மேல் உயர்த்திய வீடுகளில். கீழே தண்ணீர் வந்து போகும். சமையலறைத் தண்ணீர் மரங்களுக்குப் போகும். நடுவில் எல்லோருக்குமாக ஒரு திடல், மாமாவின் நாற்காலிக்கு நிழலோடு.

நகராட்சியில் அந்தப் படங்களைக் கேட்டார்கள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாம் முடியட்டும் என்று பொறுக்காமல், தயாராக இருந்த முதல் தாளில் கையெழுத்துப் போட்டு, கல்லூரி முத்திரையும் குத்திக் கொடுத்தேன். பச்சையும் நீலமுமாக அவ்வளவு அழகாக இருந்தது. மற்றவற்றை அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவற்றை யாரும் பிரிக்கவே இல்லை. அவர்கள் கோப்பில் அந்த ஒரு தாள்தான் இருக்கிறது. கரையில் வீடே வேண்டாம், பூங்கா போடுங்கள் என்று நானே சொன்ன மாதிரி. காலி செய்யச் சொல்லும் நோட்டீஸோடு அதையும் தெருமுனையில் ஒட்டினார்கள்.

லாரியில் சாமான் ஏற்றும்போது நீ என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னாய். "உன் படம் ரொம்ப அழகா இருக்குடி. அதுல நம்ம வீடு எங்கன்னுதான் தேடிக்கிட்டே இருந்தேன்." நீ திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் அக்கா.

போன வாரம் அங்கே போனேன். கரை முழுக்கச் சிமெண்ட் கல் பதித்துவிட்டார்கள். உன் பின்வாசல் மரத்தை வெட்டவில்லை, ஆனால் அடிமரம் வரை கல். தண்ணீர் இறங்க ஒரு சாண் மண் இல்லை. உங்களைக் கிளப்பியதற்கு அந்த மண்ணாவது பிழைத்திருக்கலாம்.

நீ 'அளவு நாடா' என்று பேர் வைத்தாயே ஒரு மாணவி, உன் தண்ணீர்க் குடத்தைக்கூட விடாமல் அளந்தவள், அந்த முதல் தாள் அவள் வரைந்தது. வகுப்பில் நான் இதைச் சொன்னபோது தேம்பித் தேம்பி அழுதாள். கையெழுத்து என்னுடையது, உன் மேல் தப்பில்லை என்றேன். மறுநாள் தன் குறிப்பேட்டைக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு வீட்டின் வாசல், ஜன்னல், யார் எங்கே படுப்பார்கள், எல்லாம் அதில் இருக்கிறது. அதை வைத்து உங்கள் வரிசையை இருந்தது இருந்தபடி வரைந்துகொண்டிருக்கிறோம். அடுத்த மாதம் நகராட்சியில் விசாரணைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். யார் எங்கே குடியிருந்தார்கள் என்று காட்டினால், அதே கரையில் வீடு கேட்கும் மனுவை எடுத்துக்கொள்வார்களாம். கிடைத்துவிடும் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்றாவது ஒரு தாளில் இருக்கட்டும்.

அந்தக் குறிப்பேட்டில் நாற்பது வீடுகள்தான் இருக்கின்றன. உன்னுடையது இல்லை. அன்றைக்கு அவள் நாடாவை விரித்தபோது நான்தான் தடுத்தேன், நினைவிருக்கிறதா? இது என் அக்கா வீடு, கண்ணை மூடிக்கொண்டு வரைவேன் என்றேன். நீகூடச் சிரித்தாய்.

நேற்று உட்கார்ந்தேன். படிகள் வந்தன. முன்னறை வந்தது, மெஷின் இருந்த இடம் வந்தது. சமையலறை ஜன்னல் மட்டும் வரவில்லை. பக்கச் சுவரில் அடுப்புக்கு நேரா, பின்வாசலை ஒட்டியா? பதினொரு வருஷம் அந்த வீட்டில் உன் கையால் சாப்பிட்டவள் நான். நான் கல்லூரிக்குக் கிளம்பினால், தெரு திரும்பும் வரைக்கும் நீ அந்த ஜன்னலில் நின்று பார்ப்பாயாம். பக்கத்து வீட்டில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு நாளாவது நான் திரும்பிப் பார்த்திருந்தால் அது எங்கே இருந்தது என்று இன்றைக்குத் தெரிந்திருக்கும்.

அந்தப் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். திருப்பி அனுப்ப உறையும் இருக்கிறது. எனக்காக ஒரு வார்த்தைகூட எழுத வேண்டாம். ஜன்னலை மட்டும் போட்டு அனுப்பு அக்கா. கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, நான் திருத்த மாட்டேன்.

மாமாவின் கால் சீக்கிரம் தேறட்டும்.

தபால்காரர் வரும் வழியைப் பார்த்தபடி,
உன் தங்கை