மேற்கோளில் உங்கள் பெயர்

அன்புள்ள வாப்பாவுக்கு, அஃப்ரினின் ஸலாம். முழங்கால் வலி தேவலையா? உம்மா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா? நான் சுகம்.

இங்கே ஒரு வேடிக்கை. சிறுநீரகச் செல்களைப் பற்றிய என் கட்டுரையைத் திடீரென்று பலர் மேற்கோள் காட்டுகிறார்களாம். ஆய்வகத்தில் கேக் வெட்டினார்கள். நான் என் துண்டை அப்படியே வைத்துவிட்டேன். யார் அந்தப் பலர் என்று தேடினேன். ஒருவர் இறால் தீவனம் பற்றி எழுதியிருக்கிறார், இன்னொருவர் சிமெண்ட் பற்றி. அவர்களுக்கு என் சிறுநீரகம் எதற்கு? இரண்டிலும் என்னைப் பற்றி ஒரே வாக்கியம், எழுத்து மாறாமல்.

ஆய்வகத் தலைவர் ரித்திக்கிடம் போய், "இவ்ளோ பேர் எங்கேருந்து சார் வந்தாங்க?" என்று மட்டும் கேட்டேன். கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே, இந்த ஊர் 'லா' போட்டு, "நம்பர் ஏறுதுல்ல லா? உன் காண்ட்ராக்ட் ரினியூ ஆகணும். அந்த இறால் பேப்பரையெல்லாம் நோண்டாதே" என்றார்.

நான் இறாலைப் பற்றி வாயே திறக்கவில்லை, வாப்பா.

மேற்கோளில் பெயரின் கடைசிப் பகுதியைத்தான் போடுவார்கள். அந்தப் பொய் வரிகளில் நிற்பது அஃப்ரின் இல்லை, நெய்னா. உங்கள் பெயர்.

பயப்படாதீர்கள். யாராவது இங்கே வந்தால் உம்மா இடித்த மாசிக் கருவாட்டுத் தூள் கொடுத்தனுப்புங்கள். இங்கே தேக்கா சந்தையிலும் கிடைக்கிறது, ஆனால் சேர்ந்து சாப்பிட ஆளில்லாததாலோ என்னவோ, ருசிக்கவில்லை. காண்ட்ராக்ட் பற்றி உம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

பஸ் வந்துவிட்டது. இந்தப் பொய் மேற்கோள்கள் பற்றிய புகார் பையில் இருக்கிறது, இன்றே மேலிடத்தில் கொடுத்துவிடுவேன். யார் யாரோ எழுதிய உங்கள் பெயரை அதன் அடியில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

அஃப்ரின் நெய்னா