கால் கட்டிய கோழி

அன்புள்ள அம்மாவுக்கு, மகன் கந்தப்பன் வணங்கி எழுதுவது. நான் சுகம். மழைக்கு உங்கள் முழங்கால் வலி கூடவில்லையே?

சனங்கள் போலீசுக்குப் பயப்படாமல் பழகவேண்டுமென்று எங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா ஞாயிறன்று ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனார். தமிழில் பேச என்னையும் கூட்டிப்போனார். ஜீப்பைக் கண்டதுமே தொழிலாளர் லயத்து வீட்டுக் கதவெல்லாம் மூடிக்கொண்டன.

“பயப்படாதீங்க, சும்மா பேசத்தான் வந்தோம்” என்று கத்தினேன். கடைசியில் உங்கள் வயதில் ஓர் அம்மா வெளியே வந்தார். கால் கட்டிய கோழியை என் கையில் திணித்தார்.

“எம்மவன் ஒண்ணும் செய்யலைங்க சாமி. இத எடுத்துக்கிட்டுப் போயிருங்க.”

ஐயாவுக்குத் தமிழ் தெரியாது. அன்பாகக் கொடுக்கிறார் என்று நினைத்துச் சந்தோசமாகச் சிரித்தார். நானும் உண்மையைச் சொல்லாமல் கோழியை ஜீப்பில் ஏற்றினேன். மத்தியானம் ஸ்டேசனில் கோழிக்கறி. நானும் சாப்பிட்டேன், அம்மா.

அப்பாவைத் தேடிப் போலீஸ் வந்த அன்று நீங்களும் இப்படித்தான் நம் கோழியைக் கட்டிக் கொடுத்தீர்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தபால் எடுக்கும் நேரமாகிறது. பெட்டியிலிருக்கும் என் பழைய சட்டையை அனுப்பி வையுங்கள். ஒரு கோழி வாங்கி அந்த அம்மாவிடம் கொடுக்கவேண்டும். காக்கியோடு போனால் கதவைத் திறக்கமாட்டார்.

உங்கள் மகன்,
கந்தப்பன்