வாய்க்காலில் ஓடிய தீ

மாசி 5, சனி
காலையில் பனி. மலை தெரியவில்லை. கரும்பு வெட்டி முடித்த கொல்லையில் முழங்கால் உயரத்துக்குச் சோகை, எல்லாம் காய்ந்த கரும்பு இலை. பொடியாக்கும் மிஷின் இந்த வாரமும் வரவில்லை. கட்டையில் முளை கிளம்புவதற்குள் கொளுத்தியாக வேண்டும். இல்லையென்றால் அடுத்த கரும்பும் போச்சு.

வேளாண் ஆபீசர் சொன்னது, மறக்காமல் இருக்க: பக்கத்துக் கொல்லைக்குச் சொல்லணும். சுற்றிலும் உழுது வெறும் மண் தெரியணும். தண்ணீர் தயார். வெயிலுக்கு முன். காற்றுக்கு எதிரே தீ. ஃபயர் ஸ்டேஷனுக்கு போன் (பண்ணியாச்சு).

அமலி அக்காவிடம் சொன்னேன். கிழக்கே அவர் கரும்பு, மில்லிலிருந்து வெட்டு உத்தரவு வராமல் காய்ந்துபோய் நிற்கிறது. ஒரு பொறி போதும். வருஷத்துக்கு அவருக்கு அது ஒன்றுதான் வருமானம்.

"நாளிக்கு வாணாம்ப்பா, மாதா கோயில் பூசைக்குப் பூடுவேன். திங்கக்கெழம வச்சிக்க. மோட்டாரு போட்டுகினு நிக்கறேன்."

"உங்க மோட்டாரு இன்னாத்துக்குக்கா? டேங்கர்ல தண்ணி கீதே."

அக்கா கேட்கவில்லை. எனக்கு எரிச்சல்.

மாசி 6, ஞாயிறு
இலை அசையவில்லை. கொளுத்த இதைவிட நல்ல நாள் ஏது? தீப்பெட்டியைத் தேடினால் காணோம். என் வீட்டுக்காரி செல்வி ஒளித்துவிட்டாள்.

"அவங்க இல்லாதப்ப கொளுத்திட்டு, அப்பறம் எந்த மூஞ்சிய வச்சிகினு பேசுவ?"

கொல்லையைச் சுற்றி டிராக்டர் ஓட்டி முடித்தேன். கறிக்குழம்பில் உப்பு ஜாஸ்தி. அப்படியே தின்றேன்.

மாசி 7, திங்கள்
காலையிலேயே கொளுத்தினோம்.

லேசாக மேற்குக் காற்று. முதலில் கிழக்கு ஓரம் வைத்தோம். காற்றை எதிர்த்து மெல்ல ஊர்ந்தது. அங்கே அகலமாகக் கருப்பு விழுந்த பிறகு மேற்கே வைத்தேன். யப்பா! என்ன ஓட்டம்! கரிச்சான் குருவி, கொக்கு, எங்கிருந்து வந்தனவோ, யார் சொன்னதோ, நெருப்பு முனையிலேயே பூச்சி பிடிக்கின்றன. நடுவில் இரண்டு தீயும் ஒன்றையொன்று இழுத்து, ஒரே தீயாய்ப் பனை உயரத்துக்கு எழுந்து நின்றது. அடுத்த மூச்சில் இல்லை. தின்ன ஒன்றும் மிச்சமில்லாமல் அப்படியே அடங்கிவிட்டது. என்னையறியாமல் கும்பிட்டேன்.

"வாய்க்கால பாரு!" செல்வி அலறினாள்.

அமலி அக்கா கிணற்றிலிருந்து எங்களுக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால். நேற்று உழும்போது, கரை உடையுமே என்று அங்கே மட்டும் கலப்பையைத் தூக்கிவிட்டிருந்தேன். உள்ளே சோகை அடைந்து கிடந்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு தீ அவர் கரும்பைப் பார்த்து ஓடுகிறது. டேங்கரோ மேற்கு மூலையில். ஓடினேன். எட்டாது என்று தெரிந்துவிட்டது.

அப்போது அந்தக் கரும்புக்குள்ளிருந்து வாய்க்கால் வழியே தண்ணீர் வந்தது. சோகையைத் தள்ளிக்கொண்டு, நுரையோடு. வரப்பில் தீயும் தண்ணீரும் முட்டின. புஸ்ஸென்று ஆவி, ஆள் தெரியவில்லை. வாழ்நாளில் இப்படிப் பார்த்ததில்லை.

பின்னாலேயே அமலி அக்கா, புடவையெல்லாம் சேறு.

"கரைய நீ ஒடைக்க மாட்டன்னு தெரியும்ப்பா. ஒடைச்சா திருப்பிக் கட்ட மம்முட்டி புடிக்கணுமே!"

சிரிக்கிறார். எனக்குத்தான் அழுகை வந்தது. முதல் வரிசையில் ஒரே ஒரு தோகை கருகியிருந்தது.

நேற்று அதே நேரம் அக்கா பூசையில், அவர் மோட்டார் கொட்டாய் பூட்டிக் கிடந்தது.