மச்சானின் கம்பைலரை மாற்றிவிட்டேன்

அன்புள்ள மச்சான்,

'அன்புள்ள' என்று எழுதியது உங்கள் மனைவி, என் ராத்தாவுக்காக. எனக்கு உங்கள்மேல் கோபம்தான் இருக்கிறது. உங்களை அடக்கிய அன்று, ஜனாஸாத் தொழுகைக்கு முன் உங்கள் காக்கா பள்ளிவாசலில் எழுந்து, "தம்பியால யாருக்கும் மனவருத்தம் இரிந்தா பொறுத்துக்கங்க" என்று கேட்டார். எல்லோரோடும் சேர்ந்து நானும் "பொறுத்தோம்" என்றேன். அதை இப்போது திரும்பப் பெறுகிறேன்.

சாய்ந்தமருதுத் தோணிகளில் நீங்கள் பூட்டிய பெட்டிகளைப் பற்றித்தான் சொல்கிறேன். தோணி கடலில் எங்கே நிற்கிறது என்று கரைக்குச் சொல்லும் பெட்டிகள். பெட்டரி இறங்கினால் உறங்கிவிடுகின்றன, மறுபடி எழும்புவதில்லை. நீங்கள் எழுதிய கோட் என்னிடமும் இருக்கிறது; திருத்த ஒரு வரி போதும், எழுதிவிட்டேன். எழுதியதைப் பெட்டிக்கு விளங்கும் மொழியாக்கித் தரும் கம்பைலர் எங்கே?

அது உங்கள் லெப்டொப்பில் மட்டும் இருந்தது. நீங்களே உள்ளே கைவைத்துத் திருத்தியது. பிரதி கேட்டபோதெல்லாம், "நான் இரிக்கக்குள்ள ஒனக்கென்ன கவல" என்றீர்கள். இப்போது இருக்கிறீர்களா?

உங்கள் பேரில் கத்தம் ஓதிய அன்று, உங்களுக்கு நன்மை சேரட்டும் என்று, ராத்தா உங்கள் உடுப்புகளோடு லெப்டொப்பையும் நிந்தவூரில் ஓர் ஏழைப் பிள்ளைக்கு ஸதகாவாகக் கொடுத்துவிட்டார். அந்தப் பிள்ளை உள்ளே இருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் படிக்கப் பாவிக்கிறது. யாரைக் குற்றம் சொல்ல?

பிறகு தோணிக்கார ஹனீபா காக்காவின் பெட்டி உறங்கியது. அஸர் தொழுகை வரைக்கும் தோணி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. மனுசன் கோமாரிப் பக்கம் பத்திரமாக ஒதுங்கியிருந்தார். அவர் வருமுன் அவருடைய மனைவி நம் வாசலில் நின்று அழுதபோது ராத்தா, "என்ட கையாலதானே குடுத்த" என்றார். இன்றுவரை அதையேதான் சொல்கிறார்.

யாரும் இறக்கிக்கொள்ளக்கூடிய வேறு கம்பைலருக்கு மாற்ற உட்கார்ந்தேன். எந்தக் கம்பைலர் என்பதை, அதைக் கூப்பிடும் பில்ட் கோப்பின் மேலே ஒரு தடவை எழுதியிருந்தால் தேத்தண்ணி ஆறுமுன் முடிகிற வேலை. நீங்களோ ஒவ்வொரு ஃபோல்டரிலும், கம்பைலர் இருந்த உங்கள் லெப்டொப்பின் விலாசத்தை எழுதிவைத்திருந்தீர்கள். உலகத்தில் வேறு கணினியே இல்லை என்ற நினைப்பா?

ஒருவழியாக மாற்றி ஓடவிட்டால், கடலில் நின்ற தோணி நற்பிட்டிமுனை வயலுக்குள் நிற்பதாகப் பெட்டி சொன்னது. உங்கள் கம்பைலருக்கு மட்டும் விளங்கும் ஒரு கட்டளையைப் புதியது தாண்டிப் போய்விட்டது. அது எச்சரித்தும் இருக்கும். எச்சரிக்கை அத்தனையையும் அணைத்துவைத்த பெருமான் நீங்கள்தானே.

போன கிழமைதான் சரிவந்தது. ஹனீபா காக்காவின் தோணி கடலிலேயே நிற்பதை ராத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இதுக்கு மச்சான்ட லெப்டொப் தேவையே இல்ல ராத்தா. இது ஒங்கட பிழ இல்ல, அவர்ர பிழ."

"மௌத்தானவர ஏசாத தம்பி" என்றார். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எண்டாலும் நான் குடுத்திருக்கப்படா" என்றார்.

கேட்டுக்கொள்ளுங்கள். மாரி தொடங்குமுன் எல்லாத் தோணிகளுக்கும் புதியதைப் போட்டுவிடுவேன். கம்பைலரின் பெயர் ஒரே இடத்தில் இருக்கும், பிரதி என்னிடம் மட்டும் நிற்காது. ராத்தா தன் வாயால் "என்ட பிழ இல்ல" என்று சொல்கிற நாளில் உங்கள் கபுறடிக்கு வந்து "பொறுத்தேன்" என்று சொல்வேன். அதுவரை, பள்ளியில் பொறுத்தவர்களில் ஓர் ஆள் குறைவு.

இப்படிக்கு,
ராத்தாவின் தம்பி