வெந்நீர் பார்ட்டி

வெந்நீர் பார்ட்டித் தலைவிக்கு,

போன வாரம் ஆபீஸில் உன் மேசை இழுப்பறையைத் திறந்தார்கள். உன் இடத்துக்குச் செய்யாறிலிருந்து ஒரு பெண் மாற்றலாகி வந்திருக்கிறாள். நல்ல பெண்தான். ஆனால் உன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதால், அவள் நல்ல பெண் என்பதை நான் இன்னும் யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை. சாவி கிடைக்காமல் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறந்தார்கள். திறந்ததும் அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"மேடம், எங்கியோ ஒயர் கருகுது மேடம்."

அவ்வளவுதான். மெயினை அணைத்தார்கள். எலக்ட்ரீஷியனுக்கு ஆள் போனது. கார்த்திகை தீபம் நெருங்குகிற நேரம். பாஸ், பந்தோபஸ்து, தற்காலிகக் கழிப்பிடம் என்று கோப்புகள் மலையளவு குவிந்திருக்க, பிரிவு முழுவதும் வராந்தாவில் நின்று வியர்த்துக்கொண்டிருந்தது. அது ஒயர் இல்லை, நீ வைத்துவிட்டுப் போன புகைத் தேயிலை என்பது எனக்கு மட்டும் தெரியும். பைன் கட்டைப் புகையில் உலர்த்துவார்களே, அந்த டப்பா. மூடி சரியாகப் பொருந்தாது என்று உனக்கு எத்தனை முறை சொன்னேன். இப்போதும் சொல்லியிருக்கலாம். ஆனால் வாயைத் திறக்கவே அலுப்பாக இருந்தது. எலக்ட்ரீஷியன் வந்து சுவரை முகர்ந்து பார்த்து, "பழைய பில்டிங்கு, அப்டித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் உள்ளே போகுமுன் டப்பாவை எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

எடுத்துக்கொண்டேனே தவிர, குடிக்கவில்லை. உனக்கு ஒரு சங்கதி சொல்ல வேண்டும். நீ போனதிலிருந்து எனக்கு எந்த டீயும் ருசிக்கவில்லை. ஆரம்பத்தில் முயற்சி செய்து பார்த்தேன். டார்ஜிலிங் வெந்நீர். அஸ்ஸாம் கொஞ்சம் சிவந்த வெந்நீர். காங்க்ரா, யாரோ குடித்துவிட்டுக் கழுவிய தம்ளரில் ஊற்றிய வெந்நீர். மூக்குக்கு ஏதோ ஆகிவிட்டதென்று டாக்டரிடம் போனேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "மூக்கு நல்லா இருக்கு, வயசு என்ன ஆச்சு?" என்று கேட்டார். அந்த டாக்டரிடம் இனிமேல் போவதாக இல்லை.

எல்லாம் ஆரம்பித்தது உன் வீட்டு மாடிப் போர்ஷனில்தான். செங்கம் ரோட்டில் மாடி கட்டியவர்கள் எல்லோரும் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விட, உனக்கு மட்டும் தைவானிலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். வந்த நாளிலிருந்து மௌனம். அவள் பேசாததால் அவளைப் பற்றி நாம்தான் பேச வேண்டியிருந்தது; நாமும் குறை வைக்கவில்லை. ஊருக்குக் கிளம்புகிற அன்று உன் கையில் ஒரு டப்பாவைக் கொடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். உள்ளே மிளகு மாதிரி கரும்பச்சை உருண்டைகள். டீத்தூள்தான் என்று முடிவுசெய்து, பாலில் போட்டு, இஞ்சி தட்டி, சர்க்கரை அள்ளிப்போட்டுக் கொதிக்க வைத்தோம். கொதிக்கக் கொதிக்க ஒவ்வோர் உருண்டையும் விரிந்து முழு இலையாகிப் பாத்திரத்தை அடைத்துக்கொண்டது.

"இன்னாடி இது, கீரைய சக்கர போட்டுக் கடைஞ்ச மாதிரி இருக்குது" என்றாய்.

விடாமல் குடித்தோம். காசு கொடுக்காமல் வந்த பொருளை நாம் என்றைக்கு வீணாக்கியிருக்கிறோம்? நன்றி சொல்கிறேன் பேர்வழி என்று நீ அந்தப் பாத்திரத்தைப் படம் பிடித்து அவளுக்கு அனுப்பினாய். கண்ணீர் விடும் மஞ்சள் முகம் ஒன்று பதிலாக வந்தது. பிறகு ஒரு வரி: பால் வேண்டாம், சர்க்கரை வேண்டாம், கொதிக்க விட வேண்டாம். மௌன விரதக்காரியைப் பேச வைத்த பெருமை நம் இருவரையே சேரும்.

அவள் சொன்னபடி வெந்நீரை ஊற்றி, கொஞ்ச நேரம் விட்டு வடித்துக் குடித்தோம். வெளுத்த மஞ்சளில் ஒரு தண்ணீர். தொண்டைக்குள் போனபிறகு எங்கிருந்தோ திரும்பி வந்து மூக்கில் ஏறியது. நீதான் முதலில் வாயைத் திறந்தாய். "கல்யாண மண்டபம். மறுநாள் காலைல. வாடின மாலையெல்லாம் ஓரமா ஒதுக்கி வெச்சிருப்பாங்களே, அந்த வாசனை." எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வாய் குடித்தேன். தலையாட்டினேன். மண்டபமேதான்.

அதிலிருந்து அது நம் ஆட்டமாகிவிட்டது. நீலகிரி, டார்ஜிலிங் என்று சின்னச் சின்னப் பொட்டலமாக வரவழைப்போம். பொட்டலத்தின் மேல் பீச், ஆர்க்கிட், மஸ்கட் திராட்சை என்று அச்சடித்திருக்கும். "பீச்ச நான் எங்கடி கண்டேன்? லேபிள்ல இருக்கறத சொன்னா அவுட்டு" என்று நீ சட்டம் போட்டாய். இந்த ஊரில் நாம் முகர்ந்த பொருளாக இருக்க வேண்டும். ஒருத்தி சொன்னால் அடுத்தவள் தலையாட்ட வேண்டும். ஆட்டாவிட்டால் செல்லாது. அப்படிச் செல்லுபடியானவை எல்லாம் ஞாபகமிருக்கிறதா? ஒரு பச்சைத் தேயிலைக்கு, அடி அண்ணாமலைக் கொல்லையில் வேரோடு பிடுங்கின மல்லாட்டைக் கடலை. அஸ்ஸாமுக்கு, இஸ்திரிப் பெட்டி ஏறின ஈர வேட்டி. புகைத் தேயிலைக்கு, தீபம் முடிந்து கொப்பரையில் வழித்து வீட்டுக்கு வரும் மை. நான் புதுப் பாடப் புத்தகம் என்றபோது மட்டும் நீ தலையாட்டவில்லை. "அது எல்லாரும் சொல்றது. மூக்கால யோசி" என்றாய். அன்று முழுக்க உன்னோடு பேசவில்லை. சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்து சீட்டைப் பிடித்து வைத்தது வேறு விஷயம்.

ஆசிரமப் பக்கத்துக் கஃபேக்களையும் விட்டு வைத்தோமா? கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவில், காட்டன் புடவையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக நாம் இரண்டு பேர். "என்ன இலை? டப்பாவக் காட்டுங்க" என்று நீ கேட்டதும் அந்த ஆளுக்கு முகம் வெளுத்துப் போனது. உணவுப் பாதுகாப்பு ஆய்வுக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்து, கேட்காமலே இரண்டு கேக் கொண்டுவந்து வைத்தார். "ச்சே, வேணாங்க" என்று நீ சொல்லி முடிப்பதற்குள் நான் பாதி தின்றிருந்தேன்.

அப்புறம் தண்ணீர்ப் பைத்தியம் பிடித்தது. நம் ஊர் போர் தண்ணீரில் நல்ல தேயிலையைப் போட்டால் மேலே ஏடு கட்டுகிறது, வாசனை எழும்பவே மாட்டேன் என்கிறது. எந்தத் தண்ணீர் ஒத்துவரும் என்று பார்க்க, கிரிவலப் பாதையில் குழாய் குழாயாக நின்று பாட்டில் நிரப்பினோம். ஒரு குழாயடியில் ஆந்திராக்கார அம்மாள் ஒருத்தி, தீர்த்தம் பிடிக்கிறோம் என்று நினைத்துக் கையை நீட்டினாள். நீ கொஞ்சமும் சிரிக்காமல் ஊற்றினாய். அவள் பருகி, மிச்சத்தைத் தலையில் தெளித்துக்கொண்டு, உன் காலையும் தொட்டுவிட்டுப் போனாள். கடைசியில் மழைத் தண்ணீர்தான் ஜெயித்தது. முதல் மழை கூரையைக் கழுவ விட வேண்டும், அதற்கப்புறம் வருவதைத்தான் பிடிக்க வேண்டும் என்று நீ மொட்டை மாடியில் குடையோடு நின்று கட்டளையிட, நான் நனைந்துகொண்டு அண்டாவை நகர்த்துவேன். கீழே உன் வீட்டுக்காரர் பஸ் ஓட்டி வந்த அசதியில் கால் நீட்டி, பாலும் சர்க்கரையும் தூக்கலாகப் போட்ட தன் டீயை உறிஞ்சிக்கொண்டே, "வெந்நீர் பார்ட்டி கூடிடுச்சுப்பா" என்பார். நமக்குப் பெயர் வைத்தவர் அவர்தான்.

ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றி எழுதப் போவதில்லை. உனக்குத் தெரியாததா? முழுங்க முடியாமல் போனபிறகு, டப்பாவின் மூடியை மட்டும் திறக்கச் சொல்வாய். "இன்னாத்துக்குடி குடிக்கணும், மோந்தா போதும்" என்பாய். படுத்த இடத்திலிருந்தே போனைத் தட்டி நீலகிரிப் பனித் தேயிலைக்கு ஆர்டர் போட்டாய். பனி கொட்டுகிற நாட்களில், விடிந்தும் விடியாமலும் பறிப்பார்களாம். இந்த முறையாவது பதம் தப்பாமல் வருமா என்பது மட்டும்தான் அன்றைக்கு உன் கவலை. தேயிலை வந்தது. நீ அதற்குள் கிளம்பிவிட்டாய்.

நீ போன மாசி கழிந்து இப்போது ஐப்பசி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உன் வீட்டுக்காரர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஒரு கையில் பிரிக்காத பார்சல், இன்னொரு கையில் தண்ணீர் பாட்டில். எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும், அந்த அம்மாளுக்கும் பொழுது போக வேண்டாமா?

"ஏம்மா, இது அவ பேருக்கு வந்துச்சு. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். தூக்கிப் போடவும் மனசு வரல, பிரிக்கவும் மனசு வரல. வெச்சிருந்தா கெட்டுடும்னு அவ சொல்லுவாளே."

"குடுங்கண்ணா, நான் பாத்துக்கறேன்" என்று வாங்கிக்கொண்டு அவரை அனுப்பிவிடத்தான் நினைத்தேன். உன்னிடம் மறைப்பதற்கென்ன, பயமாக இருந்தது. நீ கடைசியாக ஆசைப்பட்டது இது. இதுவும் என் வாயில் வெந்நீராகவே இறங்கிவிட்டால், உன்னோடு எனக்கிருந்தது அத்தோடு தீர்ந்தது என்று அர்த்தம். பிரிக்காமல் அலமாரியில் இருக்கிற வரைக்கும் அந்த ஆபத்து இல்லை.

ஆனால் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். பாட்டிலை மேசைமேல் வைத்தார்.

"இது இன்னாண்ணா?"

"நேத்து பெஞ்சிதில்ல, அந்தத் தண்ணி. மொதல்ல கூர கழுவட்டும்னு விட்டுட்டு, அப்பறம் பெஞ்சததான் புடிச்சேன். சரிதானே?"

இத்தனை வருஷம் கால் நீட்டிக்கொண்டு நம்மைக் கிண்டல் செய்த மனிதர் எல்லாவற்றையும் காதில் வாங்கி வைத்திருக்கிறார். பஸ்ஸில் ஹாரன் அடித்தே பாதிக் காது போய்விட்டது என்று நீ சொன்னதை நம்பியிருந்தேன். அந்த வயதில், தனியாக, மொட்டை மாடியில் அண்டாவோடு நின்றவரிடம் போய் வாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுப்பைப் பற்றவைத்தேன்.

பார்சலைப் பிரித்தேன். உன் கணக்குப்படி தண்ணீரைக் கொதிக்க விடாமல் இறக்கி, இலைமேல் ஊற்றி, மூடி வைத்து, வடித்தேன். ஹாலில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தனக்கு வேண்டாம் என்று முன்னெச்சரிக்கையாகவே சொல்லிவிட்டார். நான் ஒரு வாய் குடித்தேன். வெந்நீர். நன்றாகச் சூடேறிய, மழை வெந்நீர். அவரைப் பார்த்தேன். அவர் முகமும் அப்படித்தான் இருந்தது.

"ஒண்ணும் தெரியலியேம்மா. இதுக்கா அவ அப்டி பறந்தா?"

"மொத தண்ணி தேயிலைக்குத் தூக்கம் கலையறதுக்குண்ணா. ரெண்டாவதுதான் நமக்கு. அவ சொல்லுவா."

சொல்லிவிட்டு அதே இலையில் மறுபடி ஊற்றினேன். கை தானாகத்தான் ஊற்றியது. எனக்கு நம்பிக்கை ஒன்றும் இல்லை. அவர் இந்த முறை அவசரப்படாமல் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஊதி ஊதிக் குடித்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்படியே சொன்னார்:

"அவ ஆபீஸ்லேர்ந்து வந்து கைப்பைய தொறப்பா பாரு. டிபன் பாக்ஸ எடுத்து வெக்கறதுக்கு. அப்போ ஒண்ணு வரும். அது."

நம் ஆட்டம் அவருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. லேபிளில் இல்லாத வார்த்தை. ஊரில் முகர்ந்த பொருள். பாக்கி நான் தலையாட்ட வேண்டியதுதான். சும்மா ஆட்ட முடியாதே, நீ சண்டைக்கு வந்துவிடுவாய். தம்ளரை எடுத்து இன்னொரு வாய் குடித்தேன். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் வந்தது. நூறு பொட்டலங்களின் தூள் படிந்த துணி, வாடின பூச்சரம், லெமன் சாதம் கட்டின டப்பா, பஸ் டிக்கெட். ஆபீஸில் எதிர் சீட்டில் உட்கார்ந்து நீ ஜிப்பைத் திறக்கிறபோது எத்தனை வருஷம் வந்த வாசனை. அதற்குப் பெயர் வைக்க நம் இருவருக்குமே தோன்றவில்லை பார்.

தலையாட்டினேன். அவர் எழுந்து தம்ளரைத் தானே கழுவி வைத்தார். "மறுபடி மழ வந்தா தண்ணி புடிச்சாரேன்" என்றார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி, "கொஞ்சம் சக்கர போட்டா நல்லாருக்கும்" என்றார். அதற்கு மட்டும் நான் தலையாட்டவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. மறுநாள் காலையில் நான் போட்ட அஸ்ஸாம் பழையபடி வெந்நீராகத்தான் இருந்தது. முட்டி வலிக்கிறது. பௌர்ணமி பௌர்ணமிக்கு ஊரே அடைத்துக்கொள்ள, ஆபீஸிலிருந்து வீட்டுக்கு நடந்துதான் வருகிறேன். பேச ஆளில்லாமல் வம்பெல்லாம் வயிற்றிலேயே தங்கி வாயுவாகிவிட்டது. ஆனாலும் பையில் இருந்த புகைத் தேயிலையை இன்றைக்கு எடுத்து, பதினோரு மணி டீ வருவதற்கு முன்னால் ஆபீஸ் கெட்டிலில் தண்ணீர் வைத்தேன். இரண்டு தம்ளர். ஒன்றைக் கொண்டுபோய் உன் மேசையில், அந்தச் செய்யாறு பெண் முன்னால் வைத்தேன்.

"என்ன மேடம் இது?"

"குடிச்சிட்டு நீயே சொல்லு, எது மாதிரி இருக்குதுன்னு. உனக்குத் தெரிஞ்ச பொருளா இருக்கணும்."

அவள் பயந்துகொண்டே உதட்டில் வைத்தாள். முழுங்கினாள். என்னைப் பார்த்தாள், தம்ளரைப் பார்த்தாள். மேலதிகாரியிடம் பொய் சொல்வதா, உண்மையைச் சொல்வதா என்று தவித்தாள்.

"ஒயர் கருகுற மாதிரி இருக்குது மேடம்."

இன்னொரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, தலையாட்டினேன்.