நைட்டி வாங்க வந்தவர்கள்

ஜூலை 8, செவ்வாய்
காலையிலேயே புழுக்கம். என் கடையில் வேலை செய்யும் சுமதியை, நைட்டி வாங்குகிற சாக்கில் இரண்டு பேர் வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளையின் அம்மா, அக்கா. ஒரு ரேக் முழுக்க இறக்க வைத்தார்கள். துணியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவள் ஸ்டூலில் ஏறினால் காலைப் பார்வை, பேசினால் பல்லை. அக்காக்காரி செல்போனில் படம் வேறு.

"பொண்ணு நல்லாத்தான் இருக்கு. ஆனா கல்யாணத்துக்கப்புறம் கடையில நிக்கிறதெல்லாம் எங்க வீட்ல வழக்கமில்ல."

"வாங்காம கலைச்சிட்டுப் போறது எங்க கடையில வழக்கமில்லம்மா. ரெண்டு எடுங்க."

எடுத்தார்கள். இருப்பதிலேயே மலிவு ரகம். தூ.

ஜூலை 9, புதன்
கரண்ட் இல்லை. தள்ளுபடி போர்டு எழுத வேண்டும். சுமதி வந்ததும் அழுகை. கடை விலாசம் கொடுத்ததே அவள் அம்மாதானாம்.

"வூட்ல வந்து பாத்தாக்கூட பரவால்லக்கா. இங்க நான் வேற ஆளு. அதையும் வந்து கலைச்சிட்டாங்க."

மாடம்பாக்கத்தில் இவள் சம்பளத்தில்தான் வீட்டு வாடகை. அதை நிறுத்த ஒரு சம்பந்தம். என்ன ஜன்மமோ.

"மாப்ள இன்னா வேல?"

"பெருங்களத்தூர்ல மிக்சி கடையில சேல்ஸ்மேன்."

மகன் கடையில் நிற்கலாம், மருமகள் நின்றால் கேவலம்.

"நீ போய் மிக்சி பாரு" என்றேன்.

ஜூலை 11, வெள்ளி
பூ விலை அநியாயம். சாப்பாட்டு நேரத்தில், வண்டியில் போகிற பெண்கள் மாதிரி முகத்தில் துப்பட்டா சுற்றிக்கொண்டு சுமதி அந்த மிக்சி கடைக்குப் போய் வந்தாள். ஏழு மிக்சி இறக்க வைத்தாளாம்.

"என்கிட்ட சிரிச்சிக்கினே பேசினான்க்கா. அப்பால பெருக்குற ஆயாவ 'ஏய்'னான். வந்துட்டேன்."

வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவள் அம்மா எனக்கு போன்: "நீங்கதான் அவள கெடுக்கிறீங்க." ஆமாம் என்று வைத்துவிட்டேன்.

கெட்டிக்காரி. உன்னைப் பார்க்க என் தம்பி மகனை ஒரு நாள் கடைப்பக்கம் வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். நைட்டி மடித்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 12, சனி
ஷட்டர் தூக்குமுன் வந்து நின்றாள். அழுத முகம் இல்லை, வியாபாரி முகம். இவள் போனால் எனக்கு ஆள் இல்லை என்பது தெரிந்த பேரம். முடிந்தது: இனி சம்பளம் மாதம் பதினேழாயிரம், அவள் பெயரில் உள்ள கணக்கில். உட்கார ஒரு நாற்காலி. அவளைக் கேட்காமல் அவளைப் பார்க்க ஒருவரும் கடைக்குள் வரக்கூடாது, என் தம்பி மகன் உட்பட.